நீலக்கதிர் வட்டுகளை எரிப்பது குறித்து

புதுக் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டிலும் ஒருமுறை விரலை ஓட்டினார் டிஸ்க் சார். வாயைக் காணோம். டிஸ்க் போடுகிற வாய். பழைய மெஷினில் அது நெற்றிக்குக் கீழேயே இருந்தது. பொத்தானை அமுக்கினால் நாக்கை நீட்டும், டிஸ்க்கை வைத்தால் இழுத்துக்கொள்ளும். இந்தப் புது மெஷினுக்கு ஓட்டை ஓட்டையாக ஆறு காது இருந்தது. வாய் மட்டும் இல்லை.

"மேடம், இதுல டிஸ்க் எங்க போடறது?"

கம்ப்யூட்டர் பிரிவு மேடம் அந்த அலுவலகத்துக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்த வேகத்தில் பதினோரு பழைய மெஷின்களையும் தூக்கிக் கடாசிவிட்டு, பதினோரு புதுசு இறக்கியவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போட முடியாது சார். இப்பெல்லாம் யாரும் டிஸ்க் போடறதில்ல."

"நான் போடறேனே."

"நீங்க மட்டும்தான் போடறீங்க."

டிஸ்க் சார் மெஷினின் பின்பக்கத்தை மறுபடி ஒருமுறை தடவினார். மேடம் சொன்னது உண்மைதான்.

அது பாலங்கள் பராமரிப்பு அலுவலகம். அங்கே பாலங்களுக்குப் பெயர் கிடையாது, இடம் கிடையாது, எண்தான் உண்டு. கோப்பில் எண் இருந்தால் போதும், அதற்கு மேல் தெரிந்துகொள்வது வேண்டாத வம்பு என்பது அங்கே எல்லாரும் ஒருமனதாகக் கடைப்பிடித்துவந்த கொள்கை. அதில் பதினேழாம் எண் பாலம் கொஞ்சம் வயசாளி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குழு கூடி, அந்தப் பாலத்தின் அடிப்பக்கத்தை மாதாமாதம் மிகத் துல்லியமாகப் படம் பிடிக்க வேண்டும், அதை ப்ளூ ரே டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுக்க வேண்டும், ஒன்று அலமாரிக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு என்று உத்தரவு போட்டுவிட்டு, டீ குடித்துக் கலைந்தது. மயிரிழை விரிசல்கூடக் கண்ணுக்குத் தப்பக் கூடாதாம்.

அன்றிலிருந்து கேமராக்காரர் ஒருவர் மாதாமாதம் படத்தை அனுப்புவார். அதை டிஸ்க்கில் ஏற்றி, லேபிள் ஒட்டி அனுப்புவது டிஸ்க் சாரின் வேலை. பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வரும்: 'பார்க்கப்பட்டது. விரிசல் இல்லை.' அப்படி நூற்றேழு சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. சம்பளப் பட்டியலில் பார்த்தால் அவருக்கே கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும்.

வேலை என்னவோ மாதத்துக்கு ஒன்றரை நாள்தான். மிச்ச நாளெல்லாம் அலமாரியைத் துடைப்பார், லேபிளின் ஓரம் பிரிந்திருந்தால் ஒட்டுவார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார். தனி அறை, தனி மின்விசிறி, தனிச் சாவி. டிஸ்க் போனால் பிரிவு போகும். பிரிவு போனால் அவர் கீழ்த்தளத்துப் புகார் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒன்றரை வருடத்தில் தலை நரைத்து, வீட்டில் மனைவி கூப்பிட்டால்கூட "டோக்கன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்து, போன மாதம்தான் நீண்ட விடுப்பில் போனார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது டிஸ்க் சாருக்கு. அந்த இரண்டு வருடத்தை அந்த நாற்காலியில் கழிக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே மேலாளருக்கு ஒரு குறிப்பு எழுதினார். எட்டு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த மேலாளருக்கு எல்லாம் தூய தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலம் கலந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். டிஸ்க் சார் ஒரு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ப்ளூ ரேயை நீலக்கதிர் ஆக்கினார், டிஸ்க்கை வட்டு ஆக்கினார், டிஸ்க்கில் படம் ஏற்றுவதற்குச் சொல்லும் 'பர்ன்' பண்ணுவதை எரிப்பது ஆக்கினார். குறிப்பு இப்படி அமைந்தது:

'நீலக்கதிர் வட்டுகளை எரிக்கும் பணி ஒன்பது ஆண்டுகளாக எனது அறையில் தடையின்றி நடைபெற்று வருகிறது. புதிய கணினிகளில் எரிக்கும் வசதி இல்லாததால் பணி முடங்கியுள்ளது. ஆகவே அலுவலகத்தின் அனைத்து மேஜைகளிலும் எரிக்கும் வசதி செய்து தருமாறு வேண்டுகிறேன்.'

ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது. எழுதியவருக்கே பெருமை தாங்கவில்லை.

மேலாளர் இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தீப்பாதுகாப்பு அதிகாரிக்கு போன் போட்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு அந்த அதிகாரி முகமூடி, கையுறை சகிதம் டிஸ்க் சாரின் அறை வாசலில் வந்து நின்றார். வாசலைத் தாண்டவில்லை.

"மாசத்துக்கு எத்தனை எரிப்பீங்க?"

"ரெண்டு சார்."

"எங்க வெச்சு?"

"இதோ, இந்த மேஜை மேலதான்."

"புகை வருமா?"

"சேச்சே. லேசா சூடாகும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஆறவிட்டு எடுத்தா கையில சுடாது."

"கதிர்னு எழுதியிருக்கீங்களே, அது?"

"அது நீல நிறத்துல உள்ளுக்குள்ளயே இருக்கும் சார். நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அதிகாரி இரண்டடி பின்னால் போனார். வெறுங்கையால்தான் தொடுவீர்களா என்று கேட்டார். ஆமாம், ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், நடுவில் தொட்டால் கெட்டுவிடும் என்று டிஸ்க் சார் தொழில் பக்தியோடு விளக்கினார். பதினைந்து நிமிடத்தில் அறைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டப்பட்டது. கதவுக்கு சீல் வைத்தார்கள். டிஸ்க் சாரை ஆம்புலன்ஸில் ஏற்றி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ரத்தத்தில் கதிர் இல்லை. சர்க்கரை இருந்தது.

அன்று முதல் வீட்டில் டீயில் சர்க்கரை நின்றது. "நல்லதாப் போச்சு, பாலத்தால ஒரு பிரயோஜனம்" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டர் மேடம் மேலாளர் அறைக்குப் போய், எரிப்பது என்றால் எரிப்பது இல்லை, கதிர் என்றால் அந்தக் கதிர் இல்லை என்று விளக்கிய பிறகுதான் சீல் உடைக்கப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தக் குறிப்பு மூன்று அலுவலகங்களுக்குப் போய், மூன்றிலும் சிரித்துவிட்டார்கள். மேலாளருக்கு மூக்கு உடைந்துவிட்டது. மூக்குடைந்த அதிகாரி எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் சாரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"வியாழக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உங்க வட்டை ஓட்டிக் காட்டுங்க. இதுலதான் விரிசல் தெரியும், வேற எதுலயும் தெரியாதுன்னா, பதினோரு கம்ப்யூட்டரையும் திருப்பி அனுப்பிட்டு வட்டு போடற மாதிரி வாங்குவோம். இல்லேன்னா வெள்ளிக்கிழமைலேருந்து நீங்க கவுண்டர்."

பழைய மெஷின்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. டிஸ்க்கை எதில் ஓட்டுவது? வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"பாலத்தோட அடிவயித்தை ரெண்டு மணி நேரம் படம் பிடிச்சு வெச்சா, அதை யாருங்க பார்ப்பா?" என்று மனைவி கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. தலைமை அலுவலகத்தில் பார்க்கிறார்கள், நூற்றேழு சீட்டு வைத்திருக்கிறேன் என்று கத்தினார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் அடுத்ததாகக் கேட்டாள். முதல் மாதம் ஒரு பத்து நிமிடம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்வாரா என்ன?

மனைவியின் தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. அக்கா போன் போட்டதும் ஓடி வந்தான். வெளியிலிருந்து மாட்டுகிற ப்ளூ ரே டிரைவ் ஒன்று தன் கடையில் தூசு தின்றுகொண்டு கிடப்பதாகவும், அதை ஒரு நாய்கூட மோந்து பார்க்கவில்லை என்றும், மாமாவுக்காக இலவசமாகவே தருவதாகவும் சொன்னான். டிஸ்க் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருடமாக அவனை உருப்படாதவன் என்று சொல்லிவந்தவர், அன்று மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை டிரைவை மாட்டினார். விளக்கு எரிந்தது, நாக்கை நீட்டியது, டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பல்லைக் கடிப்பது போல நறநறவென்று ஒரு சத்தம் போட்டது. திரையில் ஒரு வாசகம் வந்தது. இந்த வட்டை ஓட்டும் மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை.

மச்சானுக்கு போன் போட்டார். அந்த மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும் என்றான் அவன். ஒரு பாலத்தின் அடியைப் பார்க்க எதற்கு ஒரு கடைக்காரனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று டிஸ்க் சார் கொதித்தார்.

"வாங்க வேணாம் மாமா. என்கிட்ட அதோட க்ராக் இருக்கு, பூட்டை உடைச்ச காப்பி. பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன்."

ஒன்பது வருடமாக விரிசலே இல்லாத அந்தப் பிரிவுக்குள் முதல் விரிசல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. டிஸ்க் சார் பென் டிரைவைச் செருகி, கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' என்று அமுக்கினார். படம் வரவில்லை. சிவப்புத் திரை வந்தது. அவர் திரையில் மட்டும் இல்லை, பதினோரு திரையிலும் வந்தது. அந்தத் தளம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

மேடம் வந்தார். பென் டிரைவைப் பிடுங்கினார். புதன்கிழமை மத்தியானம் வரை ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து சுத்தம் செய்தார். டிஸ்க் சாரைத் திட்டவே இல்லை. கடைசியில் அவர் மேஜைக்கு வந்து, காசு கொடுத்து வாங்கிய நல்ல மென்பொருளைத் தானே ஏற்றி, டிரைவையும் சரிபார்த்துத் தந்தார்.

"நாளைக்கு இது நல்லா ஓடும் சார். ஓடலேங்கற சாக்கு உங்களுக்கு இருக்கக் கூடாது. எல்லாரும் உக்காந்து பார்க்கட்டும். எத்தனை பேர் தூங்கறாங்கன்னு நான் எண்ணறேன்."

இதைக் கேட்டதும் டிஸ்க் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த டிஸ்க்கை மாதாமாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஒரு மனிதர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். அவர் கூட்டத்தில் போனில் வந்து நான்கு வார்த்தை பேசினால் போதும். சீட்டில் கையெழுத்துப் போடும் அந்தப் பதிவாளரை ஒன்பது வருடத்தில் முதல்முறையாக போனில் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எங்க மெஷின்லயும் அந்த வாய் இல்லாமப் போய் ஆறு வருஷமாச்சு."

"அப்ப எப்படி 'பார்க்கப்பட்டது'ன்னு எழுதறீங்க?"

"உறையைப் பிரிச்சு டிஸ்க்கைப் பார்ப்பேன் சார். டிஸ்க்குல விரிசல் இருக்காது."

அதோடு விடவில்லை. நாளைக்கு நீங்கள் எப்படியாவது ஜெயித்துவிடுங்கள், நீங்கள் தோற்றால் அடுத்து என்னைத்தான் கேட்பார்கள், எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது என்று கெஞ்சிவிட்டு வைத்தார்.

டிஸ்க் சார் போனை வைத்துவிட்டுச் சீட்டுக் கட்டை எடுத்தார். நூற்றேழு சீட்டு. ஒவ்வொன்றையும் எத்தனை பெருமையாகத் துளையிட்டுக் கோர்த்திருப்பார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பயம்தான் கடைசியில் ஜெயித்தது. யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன, நாளைக்கு டிஸ்க் ஓட வேண்டும், கவுண்டருக்குப் போகக் கூடாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்து இரண்டு டிஸ்க்கை எடுத்தார். ஒன்று போன மாதத்தது. இன்னொன்று மூன்று வருடத்துக்கு முந்தையது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, பாலம் எப்படி மாறாமல் உறுதியாக நிற்கிறது என்று காட்டலாம் என்பது அவர் திட்டம்.

வியாழக்கிழமை கூட்ட அறை நிரம்பி வழிந்தது. ஆம்புலன்ஸில் போய் வந்தவர் அடுத்து என்ன செய்வார் என்று பார்க்க வந்த கூட்டம் அது. திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். போன மாதத்து டிஸ்க் சுழன்றது.

படம் வந்ததும் அறையே வாயைப் பிளந்தது. அத்தனை துல்லியம். கம்பியின் துரு உப்புக் கல் உப்புக் கல்லாகத் தெரிந்தது. சிமென்ட்டில் கட்டிய ஆளின் கைரேகை தெரிந்தது. ஒரு தூணின் மேல் உட்கார்ந்திருந்த புறா தலையைத் திருப்பியபோது அதன் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம்கூடத் தெரிந்தது. ஒருவரும் தூங்கவில்லை. மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புறா சிறகை உதறி, இடது பக்கமாகப் பறந்து போனது. "அடடா" என்றார் மேலாளர். டிஸ்க் சாருக்கு மார்பு விம்மியது.

அந்தச் சூட்டோடு பழைய டிஸ்க்கைப் போட்டார். துரு தெரிந்தது. கைரேகை தெரிந்தது. தூணின் மேல் ஒரு புறா தலையைத் திருப்பியது.

"சார்" என்றார் மேடம் இருட்டிலிருந்து. "அதே புறா."

புறா சிறகை உதறி, இடது பக்கமாகப் பறந்து போனது.

விளக்கைப் போட்டார்கள். டிஸ்க் சார் டிஸ்க்கை வெளியே எடுத்து, லேபிளில் இருந்த தேதியை இன்னொரு முறை படித்தார். மேலாளர் உடனே கேமராக்காரருக்கு போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார். ஒரே புறா எப்படி மூன்று வருடம் கழித்தும் அதே நொடியில் பறக்கும் என்று கேட்டார். கேமராக்காரர் அசரவில்லை. புறாவுக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு, அதுவும் நம்மைப் போல நேரம் தவறாத ஜீவன் என்றார். நாளைக்கே நேரில் வந்து பாலத்தைக் காட்டு என்றதும் அவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து இருமல் பிடித்துக்கொண்டது, இணைப்பு அறுந்தது.

எல்லார் கண்ணும் டிஸ்க் சார் பக்கம் திரும்பியது. நாளைக்குக் கவுண்டர் என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த நேரத்தில், எங்கிருந்து வந்ததோ, அவர் வாயிலிருந்து அந்த வாதம் வந்தது.

"சார், இதுக்குத்தான் நான் தலபாடா அடிச்சுக்கறேன். எல்லா மெஷின்லயும் டிஸ்க் போடற வசதி இருந்திருந்தா, இந்தத் திருட்டை என்னிக்கோ பிடிச்சிருப்போம். ஒரே ஒரு நாள் ஓட்டினோம், பிடிச்சிட்டோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அறை ஒரு கணம் யோசித்தது. யோசிக்க யோசிக்க அதில் நியாயம் இருப்பது போலவே எல்லாருக்கும் தோன்றியது. மேடம் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். முதலில் கைதட்டியது தீப்பாதுகாப்பு அதிகாரி.

மேலாளர் அங்கேயே மூன்று உத்தரவு போட்டார். பதினோரு கம்ப்யூட்டரும் திரும்பிப் போகும்; வட்டு ஓட்டவும் எரிக்கவும் வசதியுள்ள மெஷின்கள் வரும். வட்டுப் பிரிவுக்கு இன்னும் இரண்டு பேர் நியமிக்கப்படுவார்கள். டிஸ்க் சார் அதன் கண்காணிப்பாளர். மூன்றாவது, இனிமேல் வெளியாளை நம்புவதில்லை. பதினேழாம் எண் பாலத்தை இன்றைக்கே, இப்போதே, கண்காணிப்பாளரே நேரில் போய்ப் படம் பிடிப்பார், தானும் கூட வருவார். மூன்று வருடமாக ஒருவரும் உண்மையில் பார்க்காத பாலம், அதன் மேல் ஜனங்கள் போய் வருகிறார்கள், நினைத்தாலே உடம்பு பதறுகிறது என்று மேலாளர் சொன்னபோது அவர் குரலில் நிஜமான நடுக்கம் இருந்தது.

கீழே ஜீப் தயாராக நின்றது. புகார் கவுண்டரைத் தாண்டும்போது டிஸ்க் சார் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தார். இனி இந்த ஜென்மத்தில் அதில் உட்கார வேண்டியதில்லை. மனைவிக்கு போன் போட்டு, நான் இப்போது கண்காணிப்பாளர், சாயங்காலம் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போடு என்றார். அவள் முடியாது என்றாள். பரவாயில்லை.

மேலாளரும் மேடமும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். டிஸ்க் சார் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருடமாக அந்த ஜீப்பை ஓட்டிவரும் டிரைவர் சாவியைத் திருகிவிட்டு, எங்கே என்பது போல அவரைப் பார்த்தார்.

"பதினேழாம் நம்பர் பாலத்துக்கு விடுங்க" என்றார் டிஸ்க் சார், கண்காணிப்பாளர் குரலில்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

"அதை ரோடு ஆபீஸ்காரங்க இடிச்சு நாலு வருஷமாச்சே சார். அந்த இடத்துல புதுசாக் கட்டின பாலம் வழியாத்தான் நீங்க தினமும் பஸ்ல வர்றீங்க. அதுக்கு நம்ம ஆபீஸ்ல இன்னும் நம்பரே போடல."